தளவாய் கார் மைலேஜ் பார்த்த கதை

கீழப்பறம்பில் எல்லாரும் புத்திசாலிகள். இதை நீங்கள் வெளியே விசாரிக்க வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். அந்தப் புத்திசாலிகளிலும் ஒரு படி மேல் என்று பெயர் எடுத்தவர் தளவாய். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி. அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். இசக்கியப்பன் யோசிப்பதில் கெட்டிக்காரன். பூதலிங்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரியும். கொம்பையாவுக்கு இந்த இரண்டும் வராது, ஆனால் இருபதடி ஏணியைத் தனியாளாகத் தூக்குவான்.

தளவாயின் மனைவி வடிவுக்குத் தூத்துக்குடியில் ஓர் அண்ணன். பெயர் உலகநாதன், உப்பு வியாபாரம். அவர் புதுக் கார் வாங்கிய கையோடு பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து தளவாய் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"மாப்ள, ஒரு வாரம் ஓட்டிப் பாரும், அடுத்த ஞாயித்துக்கிழமை வாறேன். லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் கொடுத்தா வண்டி உமக்குத்தான். குறைஞ்சா உமக்கு வண்டியைப் பராமரிக்கத் தெரியலன்னு அர்த்தம். கொண்டுபோயி சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்துருவேன்."

சின்ன மாப்பிள்ளை என்றால் வடிவுடைய தங்கையின் புருஷன். வடிவு அண்ணன் போகிறவரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கார் அவ வீட்டு வாசல்ல போயி நின்னுச்சுன்னா, அப்புறம் நீங்க இந்த வாசல்ல நிக்கவேண்டாம்."

தளவாய் உடனே மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் சேவியரிடம் போனார்.

"ரொம்பச் சுலபம் அண்ணாச்சி," என்றான் சேவியர். "டேங்கை ஃபுல் பண்ணுங்க. பம்பு தானா கட் ஆகும், அதோட நிறுத்திரணும். கிலோமீட்டரை எழுதிக்கிடுங்க. வண்டியை ஓட்டுங்க. மறுபடி அதே பங்க்ல ஃபுல் பண்ணுங்க. எத்தனை லிட்டர் பிடிச்சுதோ, அதால ஓடுன கிலோமீட்டரை வகுத்தா மைலேஜ். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி நிரப்பணும். கொஞ்சம் மாறுனாலும் கணக்கு தப்பிரும்."

"ஒரே மாதிரின்னா?"

"ஒரே மாதிரின்னா ஒரே மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு அவன் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

தளவாய்க்கு இது போதும். பெயின்ட் அடிக்கிறவருக்கு 'ஒரே மாதிரி' என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை சந்தைமேட்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனார்கள். பெட்ரோல் போடுகிற ஜெசிந்தா, "ஜீரோ பாத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள். நான்கு பேரும் இறங்கி, முட்டியில் கை ஊன்றி, ஜீரோவைப் பார்த்தார்கள். ஒரு நொடிதான். ஜீரோ போய்விட்டது.

"யம்மா, ஜீரோவைக் காணோமே!" என்றார் தளவாய்.

"பெட்ரோல் ஏறுதுல்லா, போகத்தான செய்யும்."

"பாக்கச் சொல்லிட்டு ஒரு ஆளு பாத்து முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டா எப்படி?"

ஜெசிந்தா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அந்த வேலையில் ஆறு வருஷமாக இருக்கிறாள்.

பம்பு 'டக்' என்று நின்றது. பூதலிங்கம் நோட்டை எடுத்து, நிரப்பியபோது என்னென்ன நடந்ததோ அத்தனையும் எழுதினான். கொம்பையா தும்மல் மூன்று. இசக்கியப்பன் வாயில் பனங்கிழங்கு. ரோட்டில் ஓர் ஆள் வாத்து ஓட்டிப் போனான், வாத்து இருபத்திரண்டு, கிழக்கேயிருந்து மேற்கே.

"வாத்து எதுக்குலே?" என்று கேட்டார் தளவாய்.

"ஒரே மாதிரி இருக்கணும்லா அண்ணாச்சி."

தளவாய்க்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் யாருக்குக் கிடைப்பார்கள்?

அன்றைக்கு ஆலங்கரையில் ஒரு வீட்டில் வேலை. முப்பது கிலோமீட்டர். கிளம்பும்போது ஒரு கேள்வி வந்தது. கிலோமீட்டரை எழுதச் சொன்னானே, கிலோமீட்டர் எங்கே இருக்கிறது?

"ரோட்டோரம் கல்லுல எழுதியிருக்குல்லா," என்றான் இசக்கியப்பன்.

பூதலிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டான். ஆலங்கரை முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. இருபதுக்கு வந்தபோது அவன் குரல் மாறிவிட்டது. "அண்ணாச்சி, கிலோமீட்டர் குறையுது!"

தளவாய் வண்டியை ஓரங்கட்டினார். நான்கு பேரும் இறங்கிக் கல்லைப் பார்த்தார்கள். கல்லில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"போறப்ப குறைஞ்சா வாறப்ப கூடும்," என்று தேற்றினான் இசக்கியப்பன். "எல்லாம் அப்படித்தான்."

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். கல்லின் மறுபக்கத்தில் சந்தைமேடு முப்பது என்று இருந்தது. பிறகு இருபத்தொன்பது. தளவாய் மெதுவாக ஓட்டிப் பார்த்தார், வேகமாக ஓட்டிப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார். அது குறைந்துகொண்டேதான் வந்தது.

"போகையில முப்பது குறைஞ்சிருக்கு, வரையில முப்பது குறைஞ்சிருக்கு," என்று பூதலிங்கம் கூட்டினான். "மொத்தம் அறுபது குறைவு. இன்னும் அறுபது ஓடினாத்தான் வண்டி ஜீரோவுக்கே வரும்."

அன்று தளவாய் வீட்டில் சாப்பிடவில்லை. வடிவு ஏன் என்று கேட்டாள். கேட்கிற விதமாகத்தான் கேட்டாள்.

மறுநாள் இரண்டாவது தடவை நிரப்ப வேண்டும். கிலோமீட்டர்தான் காலை வாரிவிட்டது, நிரப்புவதிலாவது குறை வரக்கூடாது என்று தளவாய் கண்டிப்பாக இருந்தார். இசக்கியப்பன் பனங்கிழங்கோடு வந்தான். கொம்பையாவுக்கு மூக்குப்பொடி வாங்கிக் கொடுத்தார்கள். வாத்துக்காரனைக் குளத்தங்கரையில் கண்டுபிடித்து, கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்றுதான் இருந்தது.

"இன்னொன்னு எங்கய்யா?" தளவாய் பதறினார்.

"நேத்து மச்சினன் வந்திருந்தான்," என்றான் வாத்துக்காரன்.

அங்கே நின்றே ஆலோசனை நடந்தது. ஒரு வாத்து குறைந்தால் லிட்டரில் எவ்வளவு குறையும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இசக்கியப்பன்தான் வழி சொன்னான். கொம்பையா குத்தவைத்து நடந்தால் இருபத்திரண்டு ஆகிவிடும்.

"தும்மணுமா, நடக்கணுமா?" என்று கேட்டான் கொம்பையா.

"நடந்துக்கிட்டே தும்முலே."

கொம்பையா வாத்துகளுக்குப் பின்னால் குத்தவைத்து, தும்மிக்கொண்டே, கிழக்கேயிருந்து மேற்கே ரோட்டைக் கடந்தான். முதல் தும்மலிலேயே முன்னால் போன வாத்துகள் சிதறி ஓடின. இரண்டு பஸ்ஸும் ஒரு வைக்கோல் லாரியும் நின்றன. பங்க்கில் வரிசை நீண்டு, பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஜெசிந்தா ஒரு கையால் குழாயைப் பிடித்து, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

'டக்.'

"நாலு லிட்டர் அண்ணாச்சி."

தளவாய் அப்படியே பம்பு மேடையில் உட்கார்ந்துவிட்டார். நாலு லிட்டரையும் குடித்துவிட்டு, அறுபது கிலோமீட்டர் பின்னால் நிற்கிறதே! ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து கேட்டால் என்ன சொல்வது? வடிவின் முகத்தை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பெயின்ட் டப்பா கவிழ்ந்தபோதுகூட அவர் அழுததில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன்," என்றான் இசக்கியப்பன். "பெட்ரோலைக் குடிக்கது யாரு?"

"வண்டிதான்."

"வண்டி இல்ல, எஞ்சின். உங்க வீட்டு வாசல்ல நிக்கையில ஒரு சொட்டு குடிச்சுதா? சாவியைத் திருகினதும்தான் குடிக்க ஆரம்பிக்கி. நீங்க ஏன் திருகுதீங்க?"

தளவாய் யோசித்துப் பார்த்தார். ஏன் திருகுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஊரில் எல்லாரும் திருகுகிறார்கள், அவரும் திருகியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை டேங்கை ஃபுல் பண்ணிவிட்டு, தளவாய் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, மூன்று பேரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். கல்லை இனி நம்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. கேட் மூன்று கிலோமீட்டர் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

வழியில் ஒரு டிராக்டர்க்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். "பெட்ரோல் தீந்துபோச்சா அண்ணாச்சி? ஒரு கேன்ல வாங்கியாரட்டா?"

"ஃபுல் டேங்க் இருக்கு," என்றார் தளவாய்.

"அப்போ எஞ்சின் கோளாறா?"

"புத்தம்புதுசு மாதிரி இருக்கு."

டிராக்டர்க்காரர் வியர்வை சொட்ட நின்ற மூன்று பேரையும் பார்த்தார். காருக்குள் சாய்ந்திருந்த தளவாயையும் பார்த்தார். பிறகு டிராக்டரைக் கிளப்பினார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பங்க்குக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஜெசிந்தா குழாயை வைத்த உடனே 'டக்' என்றது. "ஒரு சொட்டுகூடப் பிடிக்கல. ஃபுல்லாத்தான இருக்கு?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"ஆறைச் சைபரால வகுத்தா எவ்வளவுலே?" என்று கேட்டார் தளவாய்.

பூதலிங்கம் நெற்றியைச் சுருக்கினான். "நான் படிச்ச வரைக்கும் அப்படி ஒரு கணக்கு வரல அண்ணாச்சி."

"பதினஞ்சுக்கு மேல இருக்கும்லா?"

"அது தாராளமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் தன் புதுக் காரில், டிரைவரோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டிக் காட்டும் மாப்ள," என்றார். மூன்று பேரும் தள்ளினார்கள். கார் தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. வடிவு வாசலில் நின்று பெருமையோடு பார்த்தாள்.

உலகநாதன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "என்கிட்ட இருக்கையில என்னா சத்தம் போடும்!" என்றார். "ஒரு குலுக்கல் இல்ல, புகை இல்ல. நீரு கெட்டிக்காரர்தான் மாப்ள. வண்டி உமக்கே."

தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா," என்று உலகநாதன் அவர் தோளில் கை போட்டார், "இந்த மூணு பேரை மட்டும் எனக்குத் தாரும். என் புது வண்டி லிட்டருக்குப் பன்னெண்டுதான் கொடுக்கு."

மச்சான் கேட்டு மறுக்க முடியுமா? அன்று மத்தியானமே புதுக் கார் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. முன்சீட்டில் டிரைவர், பின்சீட்டில் உலகநாதன், அதற்கும் பின்னால் மூன்று பேர். எழுபது கிலோமீட்டர். புதன்கிழமை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது.

வெள்ளைக் கார் தளவாய் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. தள்ள ஆளில்லை, சாவியைத் திருக அவருக்கு மனசில்லை. தினமும் துடைக்கிறார். வடிவும் சாயங்காலம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். தெருவில் போகிறவர்கள் யாராவது நின்று, "இப்ப என்ன மைலேஜ் கொடுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால், தளவாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொல்கிறார்:

"முதல் லிட்டரே இன்னும் தீரலியேப்பா, அதுக்குள்ள எப்படிச் சொல்ல?"