நசுங்காத பொருள்

"யாருக்கும் சந்தேகமே வர மாட்டேங்குது மேடம்" என்றார் இருதயராஜ்.

மெஹருன்னிசா விடைத்தாளிலிருந்து நிமிர்ந்தார். பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் பொறுப்பு. கணக்குப் பேராசிரியை. இருதயராஜைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் மனசு கனக்கிற நாளில் இருதயராஜ் தேடிப் போவது அந்த அறையைத்தான்.

"வகுப்பு முடியும்போதெல்லாம் கேட்கிறேன், சந்தேகம் இருக்கான்னு. எல்லாரும் குனிஞ்சுக்கிறாங்க. பரீட்சையில பாதிப்பேர் தேறல."

"ம்."

"இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு. சேரன்மகாதேவிப் பக்கம். ஸ்கூல்ல நல்லாப் படிச்ச பிள்ளை. என் மெக்கானிக்ஸ்ல மட்டும் விழுந்துட்டா. மண்டையில ஏற மாட்டேங்குது, டி.சி. கொடுத்துருங்க, போயிருதேங்கிறா. நேத்து அவ அப்பா வந்து ஆபீஸ் வாசல்ல ரொம்ப நேரம் நின்னாரு."

மெஹருன்னிசா அந்தத் தாளை மடித்து வைத்தார்.

"குறை அவகிட்ட இல்லன்னு தோணுது. கப்பல் பட்டறையில அத்தனை வருஷம் இரும்போட மல்லுக்கட்டினவன் நான். பிள்ளைங்களோட முடியல. இந்த செமஸ்டரோட வேலையை விட்டுடலாம்னு பார்க்கிறேன். நீங்க ஒரு வழி சொல்லுங்க."

மெஹருன்னிசா பேனாவை மூடினார்.

"நாளைக்கு உங்க வகுப்பு எத்தனாவது பீரியட் சார்?"

"ரெண்டாவது."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் மெஹருன்னிசா உள்ளே வந்தார். வகுப்பே எழுந்து நின்றது. உட்காரச் சொல்லிக் கையசைத்துவிட்டு நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கே இசக்கியம்மாள் மட்டும் இருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

இருதயராஜ் சாக்பீஸைக் கையில் எடுத்தார். நம் லட்சணத்தைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பலகையில் ஒரு வண்டி வரைந்தார். பின்னாலிருந்து ஓர் அம்பு. முன்னால் அதே நேர்கோட்டில் இன்னோர் அம்பு.

"வண்டியைப் பின்னாலேருந்து தள்ளினாலும் முன்னாலேருந்து இழுத்தாலும் விளைவு ஒண்ணுதான். போன வாரம் பார்த்தோம். சந்தேகம் இருக்கா?"

எல்லாத் தலையும் குனிந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்குப் புரியல சார்" என்றார் மெஹருன்னிசா.

முன் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இவனும் நிறுத்திக்கொண்டான்.

"தள்ளுறதும் இழுக்கிறதும் எப்படி சார் ஒண்ணாகும்?"

"ரிஜிட் பாடி மேடம். அதுக்கு மட்டும்தான் இந்த விதி."

"அப்படின்னா?"

"எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காது. எவ்வளவு இழுத்தாலும் நீளாது. அந்த மாதிரிப் பொருள்."

"அந்த மாதிரிப் பொருள் ஒண்ணு சொல்லுங்க சார்."

இருதயராஜ் வாய் திறந்தார். இரும்பு என்று சொல்ல வந்தார். பட்டறையில் எத்தனை இரும்பு அவர் கண்ணெதிரே வளைந்திருக்கிறது.

"இல்ல மேடம்" என்றார். "உலகத்துல அப்படி எதுவும் இல்ல."

வகுப்பில் ஒரு சலசலப்பு.

"இத்தனை நாள் இல்லாத பொருளையா படிச்சோம்?"

கேட்டது மெஹருன்னிசா அல்ல. பக்கத்தில் இருந்த இசக்கியம்மாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பயந்து எழுந்து நின்றாள்.

"ஆமாம்மா. கணக்கு லேசாகட்டும்னு அப்படி வச்சுக்கிறோம். முதல் நாளே அதைச் சொன்னேனே."

"இங்கிலீஷ்ல ஒரு வரி சொன்னீங்க சார். நான் எழுதிக்கிட்டேன். இல்லாத பொருளுன்னு தெரியாது. நான் நிசமான பொருளை நினைச்சு நினைச்சே போட்டேன். தள்ளினா நசுங்கும், இழுத்தா நீளும், ரெண்டும் வேற வேறன்னு பரீட்சையில எழுதினேன். நீங்க தப்புன்னு அடிச்சுட்டீங்க."

இருதயராஜ் சாக்பீஸைக் கீழே வைத்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவளிடம் வந்தார்.

"எவ்வளவு நசுங்கும்னு எழுதினே?"

"அது பொருளைப் பொறுத்து சார். தடியா இருந்தா கொஞ்சமா நசுங்கும். ஒல்லியா இருந்தா நிறைய. ரப்பர்னா ஒரு மாதிரி, இரும்புன்னா ஒரு மாதிரி."

"இதை யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். அப்படித்தானே இருக்கு."

மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தப்பு இல்லம்மா" என்றார் இருதயராஜ். "அடிச்சது என் தப்பு. நீ எழுதினது அடுத்த வருஷத்துப் பாடம். அங்கே எல்லாப் பொருளும் நசுங்கும்."

முன் வரிசையில் ஒரு கை மெல்ல மேலே வந்தது. நடுவில் இன்னொன்று. அவர் இரண்டையும் பார்த்தார். பதில் சொல்ல அந்தப் பக்கம் திரும்பினார்.

"சார்" என்றாள் இசக்கியம்மாள். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"சொல்லும்மா."

"அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை யாரு சார் எடுப்பாங்க?"

"நான்தான்" என்றார் இருதயராஜ்.