கப்பலில் வந்த பெயர்

வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஒரு பொருள் வருகிறது. அதன் பில்லில் யார் பெயரைப் போடச் சொல்வீர்கள் நீங்கள்? பேசி முடித்தவர் பெயரையா, பொருள் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர் பெயரையா?

இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்க வந்துவிட்டார்களா என்று சிவநேசர் சிரித்திருப்பார். முப்பது வருஷம் தூத்துக்குடியில் மூக்குக்கண்ணாடிச் சாமான்களை இறக்குமதி செய்து விற்றவர். அப்போது அவர் பொன்பாண்டி. மனைவி போன மறுவருஷம், மகனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பி, ஆற்றங்கரை மடத்துக்கு வந்து காவி கட்டிக்கொண்டார்.

மடத்தின் தலைவி உலகம்மை, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவரை அம்மா என்று கூப்பிட சிவநேசருக்குக் கொஞ்ச நாள் நாக்கு புரளவில்லை. பிறகு பழகிவிட்டது.

மடத்தில் ஏழைகளுக்கு இலவசக் கண் வைத்தியம் நடக்கும். அதற்குக் கண் பரிசோதிக்கும் கருவி ஒன்று வேண்டியிருந்தது. ஜப்பானில் தமக்குத் தெரிந்த கம்பெனி இருக்கிறது, மலிவாக வாங்கித் தருகிறேன் என்று சிவநேசரே முன்வந்தார். கம்பெனிக்காரர்களுக்கும் பழைய வாடிக்கைக்காரர் என்று சந்தோஷம். பில் யார் பெயருக்கு என்று கேட்டார்கள். எப்போதும்போல என்று பதில் எழுதிவிட்டுப் பூஜைக்குப் போய்விட்டார்.

அவர்களும் எப்போதும்போலவே போட்டார்கள். பொன்பாண்டி அன்ட் சன், தூத்துக்குடி.

சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு, அதைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் வாஸ் போன் செய்தார்.

"சாமி, நீங்க எல்லாத்தையும் துறந்துட்டீங்கன்னுல்ல ஊர்ல சொன்னாங்க. கப்பல்காரனுக்கு யாரும் சொல்லலையா?"

சிரித்து முடித்துவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார். மடத்தின் பெயரில் வந்திருந்தால் தர்ம காரியம் என்று வரிச் சலுகை கிடைத்திருக்கும். கடையின் பெயரில் வந்ததால் முழு வரி. அதோடு, கடை வாங்காத பொருள் கடைக் கணக்கில் ஏறி, நாளைக்கு அங்கேயும் கேள்வி வரும். மாற்ற ஒரே வழிதான். சரக்கு எங்களுடையது அல்ல, மடத்துக்கு உரியது என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

கடைக்காரர் இப்போது மகன் ஜெயக்கொடி.

சிவநேசர் ஜப்பானுக்கு எழுதிப் பார்த்தார். சரக்கு இறங்கிவிட்டது, பில்லில் உள்ளவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. உலகம்மையிடம் போய் நின்றார்.

"முழு வரியையும் கட்டிடலாம் அம்மா."

"கட்டலாம். ஆபரேஷனுக்கு வச்சிருக்கிற பணம்தான் இருக்கு. இந்தத் தடவை யாருக்கும் கண் ஆபரேஷன் இல்லைன்னு வெளியில உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட நீங்க சொல்லிடுவீங்களா?"

வெளியே ஒரு அம்மாள், மகன் கையைப் பிடித்தபடி படியைக் காலால் தடவிக்கொண்டிருந்தாள். சிவநேசர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன். இந்தப் பேரு மட்டும் ஏன் அம்மா என்னை விட மாட்டேங்குது?"

உலகம்மை, கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுத்தார்.

ஜெயக்கொடி வீட்டில்தான் இருந்தான். உட்காரச் சொன்னான். கடிதத்தைப் படித்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"எங்களுடையது அல்லன்னு நான் எழுதித் தரணும். அப்படித்தானே?"

"ஆமா."

வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினான். உள்ளேயிருந்து நாலு வயசுப் பெண் குழந்தை ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. காவி வேட்டியைக் கண் விரியப் பார்த்தது.

"யாருப்பா இவங்க?"

ஜெயக்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவநேசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மடத்துல இருந்து வந்திருக்கேன் பாப்பா."

குழந்தைக்கு அது போதும். விளையாடப் போய்விட்டது. அவர் எழுந்ததும் மகன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். சமையலறையில் ஏற்கெனவே இலை கழுவும் சத்தம் கேட்டது. விட்டு வந்த வீட்டில் துறவி கை நனைக்கக் கூடாது, அது விதி என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கினார். பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிய பிறகு பார்த்தார். அங்கிருந்து வீடு தெரியாது.

கருவி சலுகையோடு வந்து சேர்ந்தது. படியைத் தடவிய அம்மாளைத்தான் முதலில் அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்த அந்தச் சாயங்காலத்தில் சிவநேசர் மட்டும் தூணோரம் தனியாக இருந்தார். உலகம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். சிவநேசர் ஒன்று விடாமல் சொன்னார்.

"கை நனைக்கக் கூடாதுன்னு விதியா? யார் போட்டது?"

"துறவின்னா அப்படித்தானே அம்மா."

"நம்ம மடத்துல அப்படி ஒண்ணு கிடையாதே ஐயா."

சிவநேசர் தரையைப் பார்த்தார்.

"பேத்தி பேரு என்ன?"

அவருக்குத் தெரியவில்லை. அவர் கிளம்பி வந்த பிறகு பிறந்த குழந்தை. அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உலகம்மை மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க ஐயா. அந்தப் பிள்ளை பேரையும் கேட்டுட்டு வாங்க."