ஏரியை ஒளித்து வைத்த விகடகவி

முன்னொரு காலத்தில், தன் நிழல் பின்னால் வந்தாலும் "யாரங்கே?" என்று திரும்பிப் பார்க்கிற ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய பெரிய ஏரியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. மதகை அடைத்து அரக்கு முத்திரை வைத்தாயிற்று, கரையில் காவலும் போட்டாயிற்று. அப்படியும் இறங்கியது!

அவ்வளவுதான், ராஜாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஈரத்தலையோடு எதிரே வந்தவன் தொலைந்தான். பயத்தில் அரண்மனையில் ஒருவரும் குளிப்பதில்லை. தண்ணீர் சுமப்பவனையே நம்பாத ராஜாவும் குளிப்பதில்லை. விகடகவி தேனப்பன் சபைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே போய்வந்தான்.

கடைசியில் மடைக்காரன் ஒச்சனைச் சிறையில் தள்ளினார்கள். மதகைத் திறந்து மூடுவது அவன் வேலையாம், அதனால் அவன்தான் திருடனாம். பிடித்துக் கொடுத்தவர் நீர்மந்திரி வில்லவராயர். ஏரித் தண்ணீர் அரசருக்கு, பூமிக்கடியில் உள்ள தண்ணீர் நிலத்துக்காரருக்கு என்று சட்டம் எழுதியவரும் அவரே. ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய கிணறு வெட்டிக் கரும்பு போட்டவரும் அவரே. ஊர்ப் பயிரெல்லாம் வாடியபோது அந்தக் கரும்பு மட்டும் ஆளுயரம் நின்றது. அதைப் பார்த்ததிலிருந்து தேனப்பனுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

அவன் சிறைக்குப் போனான். ஒச்சன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சாமி, என் கைய வெட்டுனா வெட்டிட்டுப் போறாங்க. கதிரு வர்ற நேரத்துல நெல்லு காயுதே! மதகத் தொறக்கச் சொல்லுங்க."

மறுநாள் தேனப்பன் சபையில் ஒச்சனுக்காகப் பேசினான்.

"மகாராஜா, திருடனுக்கு இவன் பரிந்து பேசுவானேன்? பங்கு ஏதும் இருக்குமோ?" என்றார் வில்லவராயர்.

ராஜாவின் கண் சுருங்கியது. "தேனப்பா, அமாவாசைக்குள் என் ஏரித் தண்ணீரைத் திருடன் கைபடாத இடத்தில் வை. தவறினால் ஒச்சனுக்குக் கை போகும், உனக்கு நாடு போகும்."

"உத்தரவு. எந்த இடம் என்பது என் இஷ்டம்தானே, மகாராஜா?"

"உன் இஷ்டம்."

தேனப்பன் மந்திரியிடம் திரும்பினான். "மந்திரியாரே, கோபிக்கக்கூடாது. உங்கள் கிணற்றில் ஏரித் தண்ணீர் கொஞ்சம் கசிந்திருக்குமோ?"

"என்ன வாய்க்கொழுப்பு உனக்கு! என் கிணற்றுக்கு ஊற்றே தனி. ஏரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

"மிக்க சந்தோஷம்! காவலரே, மதகை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஏரி தரைதட்டும்வரை வயலுக்குப் பாயட்டும். நெல் குடித்த தண்ணீரை எந்தத் திருடன் எடுத்துப்போவான்?"

வில்லவராயர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, வேண்டாம்! ஏரி வற்றினால் என் கிணறும் வற்றிவிடுமே! என் கரும்பு!"

"ஒட்டுமில்லை, உறவுமில்லை என்றீரே?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார். ஒச்சன் இருந்த சிறையறைக்கு மந்திரி போனார். விடுதலையான ஒச்சன் ஓடிப்போய்த் தன் கையாலேயே மதகைத் திறந்தான். ஏரிக்கரையருகே உத்தரவில்லாமல் யாரும் கிணறு வெட்டக்கூடாது என்று அன்றே பறையறைந்தார்கள்.

சாயங்காலம் பரிசு வாங்க வந்த தேனப்பனை ராஜா உற்றுப் பார்த்தார். "நில்! உன் தலை ஏன் ஈரமாக இருக்கிறது?"

"திருடன் அகப்பட்டதும் ஊரே குளித்துவிட்டது, மகாராஜா. பாக்கி நீங்கள் ஒருவர்தான்."

ராஜா தம் தோளை முகர்ந்து பார்த்தார். பிறகு கிரீடம் நழுவச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, வெந்நீர் வைக்கச் சொன்னார்.