முதலில் உட்கார வேண்டியவர்

“தமிழ்ல ஆள் கடைசியிலதான் வருவார், மிஸ்” என்றார் ஏகாம்பரம். “‘என்னைச் சுமந்த அண்ணன்’னு சொல்வோம். ஸ்பானிஷ்ல அண்ணன் முன்னால வந்துடறார், சுமந்தது பின்னால வருது. வாய் தடுக்குது.”

“ஆளை முதல்ல உட்கார வைங்க, சார். மத்ததெல்லாம் தானா வரும்.”

புதுச்சேரியில் ஒரு மாலை வகுப்பு. ஆசிரியை செலஸ்தீன் மாணவரைவிட முப்பது வயது இளையவர்.

ஏகாம்பரத்தின் பேத்தி மாட்ரிடில் வளர்கிறாள், தமிழ் தெரியாது. பெரிய தாத்தா எப்படி இருப்பார் என்று போனில் கேட்டிருந்தாள்.

அன்றைய பயிற்சி, ஒருவரை இறந்தகாலத்தில் வருணிப்பது. ஏகாம்பரம் எழுந்து நின்று படித்தார்.

“மி எர்மானோ.” என் அண்ணன். தேர்க்கூட்டத்தில் என்னைத் தோளில் வைத்திருந்தவர். தம் பங்கையும் எனக்கே கொடுத்தவர். உயரமாக இருந்தார். உரக்கச் சிரிப்பார்.

ஒரு பிழையும் இல்லை.

“பாவம் சார்” என்றாள் பின்வரிசைப் பெண். “அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிப்போமா, மிஸ்?”

எல்லோரும் எழுந்தார்கள்.

அண்ணன் ஆதிமூலம் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருந்தார். ஏகாம்பரம் அதைச் சொல்லவில்லை. தாமும் தலை குனிந்து நின்றார்.

நிமிடம் முடிந்தது. அவரால் நிமிர முடியவில்லை.

“மிஸ், அண்ணன் இருக்கார்.”

வகுப்பில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“அப்புறம் ஏன் சார் நின்னீங்க?”

“என் மகள் கல்யாணத்தோட எங்க பேச்சு நின்னுபோச்சு. அண்ணன் பந்தியில உட்கார்ந்துட்டார். சம்பந்தி வீட்டார் நின்னுக்கிட்டிருந்தாங்க. இடம் வேணும்னு நான்தான் எழுப்பி விட்டேன்.”

“சாப்பிட்டாரா?”

“இலையில உப்பு மட்டும்தான் வெச்சிருந்தது, மிஸ்.”

மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரமும் உட்காரப் போனார்.

ஆசிரியை அவருடைய நாற்காலியைப் பிடித்து இழுத்தார். தொட்டாரேயொழிய இழுக்கவில்லை என்று சொல்வோரும் உண்டு. அடுத்து அவர் சொன்னதில் மட்டும் வேறுபாடு இல்லை.

“எழுந்திருங்க, சார். இந்த இடம் வேணும்.”

அத்தனை பேர் முன்னிலையில் ஏகாம்பரத்தின் காது சிவந்தது.

“யாருக்கு, மிஸ்?”

ஆசிரியை அவருடைய தாளைத் திருப்பி, முதல் வரியில் விரல் வைத்தார்.

“மி எர்மானோ” என்று வாசித்தார் ஏகாம்பரம், நின்றபடியே.