கடலுக்குப் போட்ட நங்கூரம்

கோரைத்துறை ரெஜினாவுக்குக் கொழுந்தன்மார் மூன்று பேர்: தொபியாஸ், இஞ்ஞாசி, கஸ்பார். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை. அன்றைக்கு அது யார் முறை என்பதில் குழப்பம்.

புருஷன் சந்தைக்குப் போகும்போது, கரையோரம் மணலில் தரைதட்டிக் கிடந்த படகைக் காட்டிச் சொன்னான்: "நங்கூரம் போட்டிருக்கு. இனி எதுவும் அசையாது. நான் வர்ற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

ரெஜினா தண்ணீர் எடுக்கப் போகும்போது, தவழப் பழகியிருந்த மகள் ஆக்னஸைக் கொழுந்தன்மாரிடம் விட்டாள். மனசேயில்லை. "பிள்ளை கடல் பக்கம் போயிராமப் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை உட்கார்ந்து மணல் தின்றது. நீரேற்றம் தொடங்கியது.

"பிள்ளை போகலடே," என்றான் தொபியாஸ். "கடல்லா வருது."

"கடலைப் பத்தி மதினி ஒண்ணும் சொல்லலையே," என்றான் கஸ்பார்.

"சொல்லாட்டி என்ன? நங்கூரம் போட்டா எதுவும் அசையாதுன்னு அண்ணன் சொன்னாம்லா. இது ஏன் அசையுது?"

யோசித்தார்கள்.

"கடலைக் கயித்துல கட்டலையே," என்றான் இஞ்ஞாசி.

"எங்கன கட்ட? அதுக்குக் கழுத்து இருக்கா?"

கஸ்பார் நங்கூரக் கயிற்றின் மிச்ச நுனியை எடுத்துப்போய் ஓர் அலையைச் சுற்றி முடிச்சுப் போட்டான். அலை உடைந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கயிறு நல்லாத்தான் இருக்கு. கடல்தான் அறுந்துட்டு."

கடைசியில், அசையாத இடம் படகு ஒன்றுதான் என்று முடிவாயிற்று. பிள்ளையைப் படகில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் ஏறியது, படகு மிதந்தது. மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் காவல் நின்றார்கள்.

ரெஜினா வந்தாள். குடம் கையிலிருந்து நழுவியது. "அடப் பாவிகளா, பிள்ளை எங்க?"

"ஒரு அடிகூடப் போகல மதினி. இருந்த இடத்துக்குக் கடலே வந்துட்டு," என்று படகைக் காட்டினான் தொபியாஸ்.

"கரைக்குக் கொண்டாங்கடா அவளை!"

"அது எப்படி? நங்கூரத்தை எடுக்கக் கூடாதுன்னு அண்ணன் உத்தரவு."

"பிள்ளையைத் தூக்குங்கன்னேன்!"

"கரைக்குன்னும் சொன்னீயளே," என்று யோசித்த தொபியாஸ் கரைக்கு வந்து கூடைகளைத் தேடினான். "படகு கரைக்கு வராது. கரைதான் படகுக்குப் போகணும்."

மூவரும் மணலை அள்ளி அள்ளிக் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். ரெஜினா சேலையோடு இறங்கி நடந்தாள். பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். ஆக்னஸ் அவள் தோளில் கொட்டாவி விட்டது.

கரையேறியவளை எதிரே கூடையோடு வந்த இஞ்ஞாசி பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"அவசரப்பட்டுட்டீயளே மதினி. இப்போ கரை அங்க போய்ச் சேர்ந்தா, இறங்க ஆள் வேண்டாமா?"

நியாயம்தான். கஸ்பார் கூடையை வைத்துவிட்டு நீந்திப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தான்.