கரும்புக்காட்டுச் சிறுத்தையோட மூணாவது குட்டி

ஒரு ஊர்ல ஒரு கரும்புக்காடு. அதுக்குள்ள ஒரு குழியில ஒரு சிறுத்தை, மூணு குட்டி போட்டிருந்தா. கண்ணு கூட சரியாத் தொறக்காத குட்டிங்க. அத்தை மடில தலைய வெய்யி அம்மணி. உம் கொட்டோணும், ஆமா.

"ம்."

அப்போ கரும்பு வெட்டற நாளு வந்துருச்சு. விடிஞ்சதும் அருவாச் சத்தம், சரக்கு சரக்குன்னு கிட்ட வருது. குட்டியோ மூணு, இவளுக்கு இருக்கறது ஒரு வாயி. மொதக் குட்டியக் கவ்வுனா, ஓடுனா. நடுவுல வாய்க்கா, தண்ணி திமுதிமுன்னு போகுது. தொபுக்குனு எறங்கி நீந்தி, அக்கரைப் பாறைப் பொந்துல போட்டுட்டுத் திரும்புனா. அப்புறம் ரெண்டாவது. இந்தத் தடவ நாயிங்க லொள்லொள்ளுன்னு தொரத்துது. வாயில குட்டிய வெச்சுக்கிட்டு எப்படிக் கடிக்கறது? பின்னங்கால்ல ஒரு கடி வாங்கிட்டு, அதையும் கொண்டு போய்ச் சேத்துட்டா.

"ம். மூணாவது?"

அதுக்குள்ள கரும்பு வெட்டறவனுங்க வந்துட்டானுங்களே! நாயக்கூட சமாளிச்சுப் போட்டா அம்மணி, இந்தப் பாவம் பாக்கற மனுசங்களத்தான் சமாளிக்க முடியல. குழியில ஒரு குட்டி தனியாக் கெடக்கவும், "ஐயோ, பெத்தவ உட்டுப்போட்டுப் போயிட்டா"ன்னு ஆளாளுக்கு உச்சுக் கொட்டறானுங்க. "இவளெல்லாம் ஒரு தாயா"ன்னாரு காட்டுக்குச் சொந்தக்காரரு குப்புச்சாமி. அவரு சம்சாரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் அடிச்சு, கூடையில போட்டு மூடிருச்சு. குட்டி கீச்சு கீச்சுன்னு கத்துது. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு! எவ கேட்டா உங்கள?

அப்போ கரும்பு வெட்டற மாராத்தா வந்தா. அவளுக்கும் கைப்புள்ள. சேலைய வேப்பமரத்துல தூரி கட்டி, அந்தத் தொட்டில்ல புள்ளயப் போட்டுட்டுத்தான் வேலை செய்யறா.

"ஏனுங்க, எம்புள்ளயும் அந்தத் தூரியில தனியாத்தான் கெடக்குது. நானும் உட்டுப்போட்டுப் போயிட்டேனுங்களா?"

"அதும் இதும் ஒண்ணா மாராத்தா?"ன்னாரு குப்புச்சாமி.

"ஒண்ணுதானுங்க. நகருங்க."

கூடைய வெடுக்குனு புடுங்கிட்டுப் போயி, குட்டிய அதே குழியில வெச்சா. அப்புறம் அத்தன பேரையும் காட்ட உட்டு வெளிய தொரத்துனா.

சாயங்காலம் தாய் வந்தா. மோந்து பாத்தா. அச்! ஒரே பவுடரு. மறுபடி மோந்தா. அச்! இது எம்புள்ள இல்லன்னு திரும்பி நடந்துட்டா.

"ஐயோ அத்தை!"

பின்ன? புள்ள வாசனையவே கழுவி உட்டுட்டாங்களே, பாவிங்க! அப்போ குட்டி கீச்சுன்னு கத்துச்சு பாரு. நின்னா. திரும்பி வந்தா. ஒக்காந்து நக்குனா, சளக்கு சளக்குன்னு. அந்தச் சோப்பு, பவுடரு, ஊரு வெச்ச கை, எல்லாத்தையும் நக்கி எடுத்தா. அப்புறம் கவ்வுனா, நொண்டி நொண்டிப் போயிட்டா.

"அத்தை, அப்பாச் சிறுத்தை எங்க?"

அப்படிக் கேளு எஞ்சாமி! அத்தன பேரு கூடி நின்னு பெத்தவளத் திட்டுனானுங்களே, அப்பன் எங்கடான்னு ஒருத்தன் வாயில வந்துச்சா? உனக்குத் தோணுனது அவனுங்களுக்குத் தோணலையே! சரி, கண்ண மூடு. மூணும் தாய்கிட்டப் போய்ச் சேந்துருச்சு. கதை அவ்வளவுதான், தூங்கு.