கடலுக்குக் கீழே ஒரு கடல்

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்த கோப்புறைகளுக்கெல்லாம் வாய் இருந்தது. எந்தக் கோப்பு எங்கே என்று கேட்டால் அவையே பதில் சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும், அதுதான் தொல்லை.

ஒரு கடற்கரை ஊரில் பிரகாசியம்மாள் வீட்டுக் கணினியில் அக்கா, தங்கை என்று இரண்டு கோப்புறைகள் இருந்தன. அக்கா பழைய டிஸ்கில். கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் கணவர் கஸ்பார் சேர்த்துவைத்த கோப்புகள் அவளிடம் இருந்தன. தங்கை புது டிஸ்கில். பேரப்பிள்ளைகள் எடுத்த வீடியோக்கள் அவளிடம். பகலெல்லாம் அக்கா குரல் கொடுப்பாள், தங்கை பதில் சொல்வாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. அந்த ஏக்கம் இருவரையும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பிரகாசியம்மாள் கணினிக்குள் கோப்புறைகளைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரனைக் கூப்பிட்டாள். "அங்க பாதி இங்க பாதின்னு தேடி முடியல அண்ணாச்சி. ரெண்டையும் சேத்து ஒரே எடத்துல காட்டுங்க."

காவல்காரன் சகோதரிகளிடம் வந்தான். "ஒருத்தி மேல நிக்கணும், ஒருத்தி கீழ நிக்கணும். பாக்குறவங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரிவீங்க. ஆனா ஒரே பேர்ல ரெண்டு பேர்கிட்டயும் கோப்பு இருந்தா, மேல உள்ளதுதான் தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா எங்கே யோசித்தாள்? "நான் கீழ நிக்கேன்," என்றாள் உடனே. "ஆனா ஒண்ணு. என்கிட்ட இருக்குறத யாரும் தொடக் கூடாது. எழுதுறதோ அழிக்கிறதோ, எல்லாம் மேலயே நடக்கட்டும்."

காவல்காரன் வாக்குக் கொடுத்து, இருவரையும் அடுக்கினான். தங்கையின் பாதம் அக்காவின் தோளில் பட்டது. அன்று முழுக்க இருவரும் பேசவே இல்லை. பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் பிரகாசியம்மாள் 'கடல்' என்ற கோப்பைத் திறந்தாள். கஸ்பார் கடைசியாகப் படகேறும் முன் பேசிப் பதிந்தது அது. தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் அடுப்புப் பற்றவைப்பாள். ஆனால் கேட்டது அவர் குரல் இல்லை. பேரப்பிள்ளைகள் அலையில் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். தங்கையிடமும் ஒரு 'கடல்' இருந்தது யாருக்கு நினைவிருந்தது?

"இது போனா அது வந்துரும்," என்று நினைத்து அந்த வீடியோவை அழித்தாள் பிரகாசியம்மாள். தங்கையின் கடல் நிஜமாகவே போய்விட்டது. அழிக்கச் சொன்னால் அந்தப் பெயரே கண்ணில் படக் கூடாது என்பது காவல்காரன் கணக்கு. கீழே இருப்பதைத் தொடவும் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறானே! அக்காவின் கடலை மறைத்துத் தங்கையின் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனான். 'கடல்' என்ற பெயரே காணாமல் போனது.

"அவரு குரலையும் நானே அழிச்சிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் பிரகாசியம்மாள்.

"இங்கதான் இருக்கு, அழாதீங்க!" என்று அக்கா கீழேயிருந்து கத்தினாள். தோளில் நின்ற தங்கையைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அடுக்கிய பிறகு கீழே இருப்பவளின் குரலும் மறைந்துதான் போகிறது.

"அண்ணாச்சியக் கூப்புடு," என்றாள் அக்கா தங்கையிடம். "நம்மளப் பிரிச்சிரச் சொல்லு."

"இப்பத்தான சேந்தோம்? ஒரு நாள் போதுமாக்கா ஒனக்கு?"

"போதாது. எத்தன நாள் இருந்தாலும் போதாது. ஆனா அந்தம்மாவுக்கு அவரு குரல விட்டா வேற என்ன இருக்கு?"

தங்கை வெகுநேரம் அழுதாள். பிறகு காவல்காரனைக் கூப்பிட்டாள். அவன் பிரித்தான். வெள்ளைச் சீட்டு தங்கையோடு போயிற்று. அக்கா தன் பழைய டிஸ்கில் தனியாக நின்றாள், அவளிடம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அக்கா கூப்பிட்ட குரல் கேட்டுப் பிரகாசியம்மாள் அங்கே போய் 'கடல்' கோப்பைத் திறந்தாள். "கடல் அமைதியாக் கெடக்கு புள்ள. அந்திக்குள்ள வந்துருவேன்," என்றது குரல். அவள் மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள்.

அக்கா, தங்கையைக் கூப்பிட வாயெடுத்தாள். அந்தக் குரல் முடியட்டும் என்று பேசாமல் இருந்தாள். தங்கையும் அப்படியே இருந்தாள். அது முடியவே இல்லை.

அன்று முதல்தான் எத்தனை கோப்புறைகளை ஒன்றாக அடுக்கினாலும் கீழே மறைந்தது அழிவதில்லை, பிரித்தால் கீழே இருந்ததெல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. அன்று முதல்தான் கோப்புறைகள் பேசுவதும் இல்லை.